ஆட்டிசம் உள்ள மகனுக்கு என்ன நாய் வாங்கலாம்?

கேள்வி: நாங்கள் பெங்களூரு கே.ஆர்.புரம் பக்கம் ஓர் அபார்ட்மென்ட்டில், மூன்றாவது மாடியில் இருக்கிறோம். மகனுக்கு 7 வயது, ஆட்டிசம். பத்துப் பதினைந்து வார்த்தைகள்தான் பேசுவான். மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொள்வான். சந்தோஷம் வந்தால் கைகளை உதறிக்கொண்டு ஹாலில் ஓடுவான். கதவு திறந்திருந்தால் வெளியே ஓடிவிடுவான். நாய்ப் படம் என்றால் உயிர். ஸ்பீச் தெரபிஸ்ட் "ஒரு நாய் வளர்த்துப் பாருங்களேன்" என்றார். ஒரு பிரீடர் 45 நாள் லாப்ரடார் குட்டி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்பணம் கட்டுங்கள் என்கிறார். என் மைத்துனர் கோல்டன் ரெட்ரீவர்தான் நல்லது என்கிறார். ஊரிலிருக்கும் மாமனாரோ ராஜபாளையம் குட்டி அனுப்பட்டுமா என்று கேட்கிறார். எங்களோடு இருக்கும் மாமியாருக்கு முட்டி வலி, நாயே வேண்டாம் என்கிறார். எந்த ஜாதி வாங்குவது?

பதில்: முதலில் அந்த 45 நாள் குட்டியை ஓரமாக வைத்துவிடுவோம். இந்தியாவில் 2017இல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம், அதாவது 56 நாள் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. "45 நாள் குட்டி" என்பது நம் ஊர்களில் பழகிப்போன வியாபார வழக்கு. குட்டி பார்க்க பஞ்சுருண்டை மாதிரி இருக்கும், சட்டென்று விலைபோகும். ஆனால் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி அம்மாவிடமும் கூடப்பிறந்தவற்றிடமும் கற்றுக்கொள்வது அந்தக் கடைசி வாரங்களில்தான். அதைக் கற்காமல் வரும் குட்டி அந்தப் பாடத்தை உங்கள் மகனின் கையில் படிக்கும்.

56 நாள் ஆனாலும் உங்கள் வீட்டுக்குக் குட்டி வேண்டாம் என்றே சொல்வேன். உங்கள் மகன் செய்பவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: கை உதறுவது, ஓடுவது. அசைகிற எதையும் வாயால் பிடிப்பதும், ஓடுவதைத் துரத்துவதும் குட்டிக்கு விளையாட்டு. உதறும் கை அதன் கண்ணுக்கு பொம்மைதான். பால் பற்கள் ஊசிமுனை போல இருக்கும். அவை விழுந்து நிலைப் பற்கள் முளைத்து முடிய ஆறு, ஏழு மாதம் ஆகும். அதுவரை கடித்துக்கொண்டேதான் இருக்கும். பையன் வலியில் கத்துவான். கத்தினால் குட்டிக்கு உற்சாகம் கூடும். பத்து நாளில் அவன் சோபாவின் மேலேயே குடியேறிவிடுவான், நீங்கள் குட்டியைப் பால்கனியில் கட்டிவிடுவீர்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் வீட்டில் நாய் வளர்ப்பு தோற்றுப்போவது பெரும்பாலும் இந்த வழியில்தான். நாயும் கெட்டதில்லை, பிள்ளையும் கெட்டவனில்லை. வயதுதான் பொருந்தவில்லை.

இன்னொன்று, எடை. ஐந்து மாத லாப்ரடார் 15 கிலோ தாண்டும், உங்கள் மகன் 22 கிலோ இருப்பான். முன்னங்காலைத் தூக்கி ஒரு தாவு தாவினால் அவனும் விழுவான், முட்டி வலிக்காரப் பாட்டியும் விழுவார். லாப்ரடார் "சாது" என்று பெயர் வாங்குவது இரண்டரை, மூன்று வயதில். அதற்கு முன் அது வாலில் மோட்டார் வைத்த பிராணி. மூன்றாவது மாடியும் குட்டிக்குத் தோதில்லை. தடுப்பூசி முடியும்வரை, அதாவது ஏறக்குறைய 16 வாரம்வரை, தெருநாய்கள் நடமாடும் தரையில் இறக்கக் கூடாது. அந்த வயதில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மூத்திரம் போகும். வாடைக்கு முகம் சுளிக்கும் பிள்ளை என்றால் வீடே அவனுக்குப் பிடிக்காமல் போய்விடும்.

ஆகவே என் பதில்: இரண்டு முதல் நான்கு வயதுள்ள, வளர்ந்த, கருத்தடை செய்யப்பட்ட, ஏற்கெனவே ஒரு வீட்டுக்குள் வாழ்ந்து பழகிய நாய். அந்த வயதில் நாயின் குணம் நிலைத்துவிடும். குட்டியை வாங்கும்போது அது என்னவாக வளரும் என்று ஊகிக்கிறோம். வளர்ந்த நாய் எப்படி என்பது கண்ணெதிரே தெரியும். ஜாதி அதற்கு அடுத்ததுதான்.

ஆனாலும் ஜாதியைப் பற்றிக் கேட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். மாமனாரின் ராஜபாளையம் அருமையான காவல் நாய். அதனால்தான் உங்களுக்கு ஆகாது. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் வீட்டுக்கு வாரத்தில் எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஸ்பீச் தெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், டியூஷன் அக்கா, வேலைக்கார அம்மா. ஒவ்வொருவரையும் சந்தேகிப்பதுதான் அந்த நாயின் பிறவித் தொழில். அவர்கள் பிள்ளையின் கையைப் பிடித்து ஏதாவது செய்ய வைக்கும்போது அவன் அழுதால், அது பாதுகாக்கப் பாய்ந்துவிடும். கோம்பை, ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன், ராட்வைலர் எல்லாவற்றுக்கும் இதே காரணம். கர்நாடகத்தின் முதோள், நம் சிப்பிப்பாறை இரண்டும் ஓடுவதற்கென்றே பிறந்த வேட்டை நாய்கள். ஓடும் எதையும் துரத்தத் தோன்றும். பீகிள் கண்ணுக்கு அழகு, ஆனால் ஊளையிடும், மோப்பம் கிடைத்தால் காது கேட்காது. நம் வீடுகளில் "பாமரேனியன்" என்று அழைக்கப்படும் ஸ்பிட்ஸ் காலிங் பெல்லுக்கெல்லாம் கீச்சென்று குரைக்கும்; மிக்ஸியே தாங்காத பிள்ளைக்கு அது இன்னொரு மிக்ஸி. ஷிட்சூ மாதிரிச் சின்ன நாய்கள் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். இறுக்கிக் கட்டிப்பிடிக்கிற பிள்ளைக்குச் சின்ன உடம்பு நாய் ஆபத்து, நாய்க்கும் ஆபத்து. பக் மூச்சுத் திணறும், குறட்டை விடும். ஹஸ்கி எந்த பெங்களூரு அபார்ட்மென்ட்டுக்குமே வேண்டாம்.

மீதி இருப்பவை வளர்ந்த லாப்ரடார், கோல்டன், நாட்டு நாய், கலப்பு நாய். மைத்துனர் சொல்லும் கோல்டன் தவறில்லை. ஆனால் வருடம் முழுக்க முடி கொட்டும், வாரத்தில் மூன்று நாள் சீவ வேண்டும். பெங்களூரில் இண்டி என்று எல்லாரும் அழைக்கும் நாட்டு நாயைத் தள்ளிவிடாதீர்கள். குட்டை முடி, வாடை குறைவு, 15 முதல் 20 கிலோ, நோய் நொடி குறைவு. சில நாட்டு நாய்களுக்குச் சத்தம் என்றால் பயம், சிலவற்றுக்கு லாரி ஹார்ன்கூட ஒரு பொருட்டில்லை. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது வகை. எப்படிக் கண்டுபிடிப்பது என்று பிறகு சொல்கிறேன்.

நாய் தேடுவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மகனைப் பற்றிக் குறித்து வையுங்கள். எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறான், அது நின்ற பிறகு எத்தனை நிமிடத்தில் சரியாகிறான். ஈரம், எச்சில், முடி இவற்றைத் தொட்டால் என்ன செய்கிறான். மெல்ட்டவுன், அதாவது தாங்க முடியாமல் கட்டுப்பாடு இழந்து கத்தி அழும் நிலை, வரும்போது பக்கத்தில் இருப்பவரைக் கிள்ளுவானா, கடிப்பானா, முடியைப் பிடித்து இழுப்பானா. கீழே கிடப்பதை வாயில் போடுவானா. நாய்ப் படம் பிடிப்பதும் நாயைப் பிடிப்பதும் ஒன்றல்ல. படம் குரைக்காது, நக்காது, திடீரென்று பக்கத்தில் வராது. தெரிந்தவர் வீட்டு நாயோடு நான்கைந்து முறை, இருபது நிமிடம் இருக்க வைத்துப் பாருங்கள். போனில் குரைப்பொலி போட்டுக் காட்டிச் சோதிப்பது போதாது, நேரில் கேட்கும் சத்தம் வேறு. குரைப்புக்குத் தன் தலையிலேயே அடித்துக்கொள்கிறான் என்றாலோ, மெல்ட்டவுனில் அருகிலிருப்பவரைத் தாக்குவது வாரம் இரண்டு மூன்று முறை நடக்கிறது என்றாலோ, நாயை ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். வாயில்லாப் பிராணி அது, எத்தனை முறை பொறுக்கும்?

தெரபிஸ்ட் சொன்னதையும் சரியான அளவில் எடுத்துக்கொள்ள வேண்டும். நாய் ஆட்டிசத்துக்குச் சிகிச்சை அல்ல, பேச்சு வரவழைக்கும் கருவியும் அல்ல. சில பிள்ளைகளுக்கு அது நல்ல துணை, அன்றாடத்துக்கு ஒரு ஒழுங்கு, மனிதர்களிடம் பேச ஒரு விஷயம். சில பிள்ளைகள் கண்டுகொள்வதே இல்லை; அதற்கும் தயாராக இருங்கள். கனடாவிலும் மற்ற மேலை நாடுகளிலும் 1990களிலிருந்து ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கென்றே உதவி நாய்களைப் பழக்குகிறார்கள். பிள்ளையின் இடுப்பில் கட்டிய கயிற்றை நாயின் உடம்பில் பூட்டி, அவன் ஓட முயன்றால் நாய் உட்கார்ந்து நிறுத்தும். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு வீட்டு நாயோடு பிள்ளையைக் கட்டிவிடாதீர்கள். தேர்ந்தெடுத்த நாயை ஏறக்குறைய இரண்டு வருடம் பழக்கிய பிறகுதான் அங்கே அதைச் செய்கிறார்கள், கூடவே பெரியவர் ஒருவர் லீஷைப் பிடித்திருப்பார். உங்கள் நாய் ஒரு பூனையைக் கண்டு பாய்ந்தால் பிள்ளை தரையில் இழுபடுவான். "சர்டிஃபைட் தெரபி டாக் குட்டி" என்று யாராவது விற்க வந்தால் கதவைச் சாத்துங்கள். எட்டு வாரக் குட்டிக்கு எந்தச் சான்றிதழும் பொருந்தாது. கதவைத் திறந்துகொண்டு ஓடும் பழக்கத்துக்கு மருந்து, அவன் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். அது நாய் வந்த பிறகு இன்னும் அவசியம், ஏனென்றால் இருவரும் சேர்ந்து ஓடுவார்கள்.

வளர்ந்த நாய் எங்கே கிடைக்கும்? பெங்களூரில் இதற்குப் பஞ்சமில்லை. வெளிநாடு போகிறவர்கள், வேலை மாற்றலில் போகிறவர்கள், குழந்தை பிறந்தவர்கள் என்று மூன்று நான்கு வயது லாப்ரடாரைக் கொடுக்க ஆள் தேடும் வீடுகள் எப்போதும் உண்டு. பெங்களூரின் CUPA (கியூபா) போன்ற விலங்கு நல அமைப்புகள் தத்து கொடுக்கின்றன. உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரிடம் சொல்லி வையுங்கள். எந்த நாய் ஊசி போடும்போது சும்மா நிற்கும், எது மேசையிலிருந்து குதிக்கும் என்று அவருக்கு அத்துப்படி. கொடுப்பவரிடம் ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். "சின்னப் பிள்ளைகளோடு நன்றாகப் பழகும்" என்றால், எந்த வயதுப் பிள்ளைகள், வாரத்தில் எத்தனை நாள் என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து போகும் பத்து வயது அக்கா மகளும், நாள் முழுக்கக் கத்தி ஓடும் ஏழு வயதுப் பையனும் ஒன்றல்ல. யாரையாவது கடித்திருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். தடுப்பூசி அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

பிறகு சோதனை. மகனை முதல் முறை அழைத்துப்போக வேண்டாம், நீங்களும் கணவரும் போங்கள். முதல் பத்து நிமிடம் நாயைக் கண்டுகொள்ளாமல் உட்கார்ந்து பேசுங்கள். தானே வந்து மோந்து பார்த்து, பக்கத்திலேயே படுத்துக்கொண்டால் நல்ல அறிகுறி. மேலே ஏறி இறங்கி நிற்கவே மாட்டேன் என்றாலும், அறைக்குள்ளேயே வரமாட்டேன் என்றாலும் அடுத்த நாயைப் பாருங்கள்.

அடுத்து, நாயின் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டு, நாயிடமிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி ஓர் எவர்சில்வர் டம்ளரைத் தரையில் போடுங்கள். துள்ளி எழுந்தால் தப்பில்லை, எழாமல் இருந்தால்தான் காது கேட்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். எழுந்த பிறகு என்ன செய்கிறது என்பதுதான் சோதனை. ஐந்து பத்து நொடியில் அமைதியாகித் திரும்பி வந்தாலோ, டம்ளரைப் போய் மோந்து பார்த்தாலோ அது உங்கள் நாய். கட்டிலுக்கு அடியில் போய் ஐந்து நிமிடம் வராமல் இருந்தாலோ, டம்ளரைப் பார்த்து விடாமல் குரைத்தாலோ வேண்டாம். உங்கள் மகனின் கத்தல் அதற்குத் தினமும் விழும் டம்ளர்.

பிறகு உங்கள் கணவரைக் கொஞ்சம் கூச்சத்தை விட்டுவிட்டு மகன் செய்வதை எல்லாம் செய்யச் சொல்லுங்கள். கையை உதறட்டும், முன்னும் பின்னும் ஆடட்டும், இரண்டடி திடீரென்று ஓடி நிற்கட்டும், ஒரு கீச்சுக் குரல் கொடுக்கட்டும். நாய் அவரை வேடிக்கை பார்த்தால் சரி, தாவிக் கையைக் கவ்வ வந்தால் சரியில்லை. நாயை மூன்று நொடி தடவிவிட்டுக் கையை எடுங்கள். இன்னும் தடவு என்று உங்கள் மேல் சாய்கிறதா, நகர்கிறதா? காது, பாதம், வாலின் அடிப்பகுதி ஒவ்வொன்றாக மெல்லத் தொடுங்கள். சாப்பாட்டுச் சோதனையை நீங்கள் செய்யாதீர்கள். நாயின் சொந்தக்காரர் தட்டின் அருகே போகும்போது நாய் விறைக்கிறதா, அவசரமாக விழுங்குகிறதா, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் முறைக்கிறதா என்று தூரத்தில் நின்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் வேண்டாம்.

இவை தேறினால் இரண்டாம் முறை மகனோடு போகலாம். நாய் லீஷில், படுத்த நிலையில். அவன் கையில் பழகிய பொம்மை ஒன்று. பதினைந்து நிமிடம் போதும், அவன் தொடாவிட்டாலும் பரவாயில்லை. மூன்றாவது சந்திப்பும் நன்றாகப் போனால் ஒரு மாதம் வைத்துப் பார்த்து, ஒத்துவராவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுதி வாங்கிக்கொண்டு அழைத்து வாருங்கள். இதற்குச் சம்மதிக்காதவர் எதையோ மறைக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டைப் பொறுத்தவரை, நாய்க்கு ஒரு மூலை, பிள்ளைக்கு ஓர் அறை. நாய் படுக்கையைச் சுற்றித் தரையில் மஞ்சள் டேப் ஒட்டுங்கள், அதற்குள் மகன் போகக் கூடாது. அவன் அறை வாசலில் குழந்தைகளுக்கு வைக்கும் தடுப்புக் கேட் ஒன்று, அதைத் தாண்டி நாய் போகக் கூடாது. சமையலறையும் பூஜை அறையும் பாட்டியின் எல்லை. பாட்டிக்கு இன்னொரு உறுதியும் கொடுங்கள்: நீங்கள் இருவரும் ஆபீஸ் போகும் நாளில் நாயையும் பேரனையும் ஒரே அறையில் அவர் பொறுப்பில் விட மாட்டீர்கள் என்று. முட்டி வலிக்காரரால் இடையில் புகுந்து பிரிக்க முடியாது. அந்த நேரத்தில் நாய் கேட்டுக்கு அந்தப் பக்கம்.

மகனுக்கு விதிகளைப் படமாகச் செய்யுங்கள். "நாய் சாப்பிடும்போது தொடாதே" என்று எழுதினால் அவன் மனதில் நிற்பது "தொடு" என்பதுதான். எதிர்மறைச் சொல் பல ஆட்டிசம் பிள்ளைகளுக்கு எளிதில் ஏறாது. "நாய் சாப்பிடுகிறது. நான் சோபாவில் உட்காருகிறேன்" என்று இரண்டு படங்கள். "நாய் மஞ்சள் கோட்டுக்குள் தூங்குகிறது. நான் கை ஆட்டுகிறேன்." அவன் படப் பலகையோ டேப்லெட்டோ வைத்துப் பேசுகிறான் என்றால் அதில் நாயின் பெயர், "வா", "போ", "போதும்" நான்கையும் சேர்க்கச் சொல்லுங்கள். "போதும்" மிக முக்கியம். நாய் நக்குவது பிடிக்கவில்லை என்றால் தள்ளிவிடாமல் சொல்ல அவனுக்கு ஒரு வழி வேண்டும்.

பேச்சு குறைவாக இருப்பது நாய் விஷயத்தில் பெரிய குறையில்லை. சொற்களைவிடக் கைச்சாடையை நாய் சீக்கிரம் கற்கும். உள்ளங்கையை மேலே தூக்கினால் உட்கார், தரையைக் காட்டினால் படு, கையை விரித்து நிறுத்தினால் நில். முதலில் நீங்கள் கற்றுக்கொடுத்து, பத்துக்கு ஒன்பது முறை சரியாகச் செய்த பிறகு மகனைச் செய்ய வையுங்கள். வாய்ச்சொல்லுக்கு ஒரே ஒரு மொழி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் "உட்கார்", வேலைக்கார அம்மா கன்னடத்தில் "குத்கோ", கணவர் "சிட்" என்றால் நாய் மூவரையும் பார்த்துவிட்டு நின்றுகொண்டே இருக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமான பயிற்சி ஒன்று உண்டு, அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மகன் கத்தத் தொடங்கினால் நாய் தானாகவே எழுந்து தன் பாய்க்குப் போய்விட வேண்டும். முதல் வாரம் பாயில் காலை வைத்தாலே ஒரு துண்டு தீனி. தினம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம். இரண்டாம் வாரம் "பாய்" என்று சொல்லிப் பாய்க்கு அனுப்புங்கள். (தமிழில் அந்தச் சொல்லுக்குத் தாவு என்றும் பொருள் உண்டு. நாய்க்கு இலக்கணம் தெரியாது, கவலை வேண்டாம்.) மூன்றாம் வாரம், முன்பே போனில் பதிவு செய்து வைத்த மகனின் கத்தலை மிகக் குறைந்த சத்தத்தில் போடுங்கள். அது முடிந்த உடனே "பாய்" என்று சொல்லி, போனதும் அங்கே நீண்ட நேரம் மெல்லக்கூடிய ஒன்றைக் கொடுங்கள். சத்தத்தை இரண்டு நாளுக்கு ஒரு படியாக ஏற்றுங்கள். நாய் காதை மடக்கினால், கொட்டாவி விட்டால், உதட்டை நக்கினால் நீங்கள் அவசரப்படுகிறீர்கள் என்று பொருள். ஒரு படி இறங்குங்கள். நான்கைந்து வாரத்தில், கத்தல் கேட்டால் நமக்கு பாயில் விருந்து என்று நாய் புரிந்துகொள்ளும். மெல்ட்டவுன் நேரத்தில் உங்கள் இரண்டு கையும் மகனுக்கு வேண்டும். அப்போது நாயைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது.

அவன் கட்டிப்பிடிக்க விரும்பும் பிள்ளையா? இறுக்கமான அழுத்தத்தைத் தேடும் பிள்ளைகள் நாயை நெரித்துவிடுவார்கள். பெரும்பாலான நாய்களுக்குக் கட்டிப்பிடிப்பது பிடிக்காது, பொறுத்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். அந்த அழுத்தத்துக்குக் கனமான போர்வையோ பெரிய தலையணையோ கொடுங்கள், நாயிடம் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவுவதோடு நிறுத்துங்கள். நாய் உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் என்பது கடிக்கு முன் அடிக்கும் மணி. மணியைப் பிடுங்கிவிட்டால் மணியில்லாமல் கடிக்கும். உறுமிய உடனே மகனை நகர்த்துங்கள், பிறகு ஏன் என்று யோசியுங்கள்.

அவனுக்கு வேலையும் கொடுங்கள். 25, 30 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 300 கிராம் உலர் உணவு, இரண்டு வேளையாக. நாய் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது அவன் கப்பில் அளந்து கிண்ணத்தில் கொட்டட்டும், அதன்பின் நீங்கள் நாயைக் கூப்பிடுங்கள். சீப்பால் பத்து முறை எண்ணி வாரட்டும். தீனியை உள்ளங்கையில் வைத்துக் கொடுக்க வேண்டாம். எச்சில் ஈரம் பட்டால் பல பிள்ளைகள் அலறிவிடுவார்கள். நீளமான மரக் கரண்டியில் வைத்து நீட்டினால் போதும். வெளியே நடக்கும்போது இரண்டு லீஷ் மாட்டுங்கள், முக்கியமானது உங்கள் கையில், ஒப்புக்கு ஒன்று அவன் கையில். பெங்களூரு தெருவில் லீஷில் வரும் நாயைக் கண்டால் தெருநாய்கள் கூட்டமாக ஓடி வரும், அந்த நேரத்தில் அவன் தன் லீஷைத் தரையில் போட்டுவிட வேண்டும். அதையும் படமாகச் சொல்லிக்கொடுங்கள்.

மருத்துவப் பக்கத்தில், அதிகம் பேசாத பிள்ளையின் வீட்டில் கூடுதல் கவனம் வேண்டியவை சில உண்டு. அவன் கீறல் பட்டாலும் சொல்ல மாட்டான். அதனால் குளிப்பாட்டும்போது தினமும் கை, கால், முதுகைப் பாருங்கள். கீறலோ கடியோ தெரிந்தால், தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி அன்றே மருத்துவரிடம் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். நாய் வருவதற்கு முன்பே அவனுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடலாமா என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். முன்கூட்டி முழுமையாகப் போட்ட பிள்ளைக்குப் பின்னாளில் கடிபட்டால் காயத்துக்குள்ளேயே குத்தும் இம்யூனோகுளோபுலின் ஊசி தேவைப்படாது, இரண்டு ஊசியோடு முடியும். தொட்டாலே துடிக்கும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாய்க்கு வெறிநோய் ஊசி வருடம் தவறாமல், குடற்புழு மருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கீழே கிடப்பதை வாயில் போடும் பிள்ளை என்றால் நாய் மலத்தை அந்த நிமிடமே எடுங்கள், சாப்பாட்டுக் கிண்ணத்தைத் தரையில் விட்டு வைக்காதீர்கள். பசையம் (குளூட்டன்) நீக்கிய உணவு முறையில் அவனை வைத்திருந்தால், நாய் பிஸ்கட்டில் கோதுமை இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். அவனும் ஒன்று எடுத்துக் கடிப்பான். பெங்களூரின் தட்பவெப்பத்தில் உண்ணி வருடம் முழுக்க இருக்கும், உண்ணிக் காய்ச்சலில் நாய்கள் சாகின்றன. ஆனால் மருந்து தடவிய கழுத்துப்பட்டையும், முதுகில் ஊற்றும் சொட்டு மருந்தும் நாயைத் தொட்டுத் தொட்டுக் கையை வாயில் வைக்கும் பிள்ளையின் வீட்டுக்கு ஏற்றவை அல்ல. வாய்வழி மாத்திரை கேளுங்கள். மகனின் மாத்திரைகள், சாக்லேட், உலர் திராட்சை, வெங்காயம் நாய்க்கு எட்டாமல் இருக்கட்டும். அவன் சாப்பிடும்போது கீழே சிந்துவான், நாய் அங்கேயே நிற்கும், ஆகவே சாப்பாட்டு நேரத்திலும் நாய் பாயில்.

அபார்ட்மென்ட் அசோசியேஷன் தடுத்தால், நாய் வளர்ப்பதைத் தடைசெய்யவோ லிஃப்ட்டில் ஏறக் கூடாது என்று சொல்லவோ அவர்களுக்கு அதிகாரம் இல்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதை அச்செடுத்து வையுங்கள். மாநகராட்சி உரிமமும் ஊசிச் சான்றும் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். நாய் அசுத்தம் செய்தால் எடுப்பது உங்கள் வேலை, அதில் சண்டை போடாதீர்கள்.

நாய் வீட்டுக்குப் பழகும் கணக்கு ஒன்று உண்டு: பதற்றம் அடங்க மூன்று நாள், வீட்டு நடைமுறை புரிய மூன்று வாரம், இது என் வீடு என்று ஆக மூன்று மாதம். முதல் வாரம் மகனுக்கும் அதற்கும் தினம் இரண்டு முறை, ஐந்தைந்து நிமிடம் போதும். ஒரு மாதம் ஆகியும் அவன் ஹாலுக்கு வந்ததும் நாய் எழுந்து போய்விடுகிறது என்றாலோ, அவன் நாயைக் கண்டு பால்கனிக்கு ஓடுகிறான் என்றாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்போது அவனிடம் "நாய் ஊருக்குப் போயிருக்கு, வரும்" என்று சொல்லாதீர்கள், வாசலிலேயே காத்திருப்பான். "நாய் அதன் பழைய வீட்டில் இருக்கிறது, இங்கே வராது" என்று படத்தோடு காட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை முன்பணம் கட்டப் போகாதீர்கள். அன்றைக்கு உங்கள் கால்நடை மருத்துவர் சொல்லும் ஏதாவது ஒரு வீட்டுக்குப் போய் மூன்று வயது நாய் ஒன்றைப் பார்த்துவிட்டு வாருங்கள். பையில் எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.